கோட்டுக்குள் மூட்டிய அடுப்பு

என் கஸ்தூரி அக்காவுக்கு,

அடுப்புக்கு அந்தப் பக்கம் நீயும் இந்தப் பக்கம் நானுமாக கண் எரிய உட்கார்ந்திருந்தோமே, அங்கிருந்துதான் கூப்பிடுகிறேன். கேட்கிறதா? வீடு கட்டப் போகிறோம் அக்கா. வீட்டை ஒட்டி வலை காயப்போடும் நம் மனையில் முள் வெட்டி, மண் கொட்டி மேடாக்கி, சுண்ணாம்புக் கோடும் போட்டாயிற்று. உனக்குத்தான் முதலில் சொல்ல வேண்டும் என்றிருந்தேன். சொல்லும்படியான சந்தோஷம் கையில் இல்லாததால் நாளைத் தள்ளிக்கொண்டே வந்தேன்.

உனக்கு எழுத்துத் தெரியாது. எனக்கும் யாரும் சொல்லிக்கொடுக்கவில்லை. அம்மன் பாட்டுப் புத்தகத்தில் மனப்பாடமாக இருந்த வரிகளை விரலால் தொட்டுத் தொட்டு நானாகப் பிடித்துக்கொண்டதுதான். இறால் உரித்துக்கொண்டே நீ, "இன்னொரு தபா படி வள்ளி" என்பாய். அதனால் இதை எழுதி முடித்ததும் உன் படத்துக்கு முன்னால் சத்தமாகவே படிப்பேன். வேறு யார் காதில் விழுந்தாலும் விழட்டும்.

அண்ணனை நீயும் தம்பியை நானும் கட்டிக்கொண்டு இந்தக் குப்பத்துக்கு வந்தோம். ஒரே வீடு, ஒரே அடுப்பு, ஒரே சட்டி. நீ உப்பைக் குறைப்பாய், நான் கூட்டுவேன். "ஏரித் தண்ணில பொறந்தவளுக்கு உப்பு பத்தலியாம்" என்று என்னைப் பார்த்து ஊருக்கே சொல்வாய். அந்தக் கோபத்தில் நான் தனியாகப் போகிறேன் என்பேன். நானும் வருகிறேன், இரண்டு பேருமே தனியாகப் போவோம் என்பாய்.

கருவாடு காயவைத்துவிட்டுக் காக்காய் விரட்ட உட்கார்ந்த இடத்தில், மணலில் கிளிஞ்சலால் கிழித்து நாம் போட்ட வீட்டை மறந்திருக்க மாட்டாய். முன்பக்கம் எனக்கு. பின்பக்கம் ஏரியைப் பார்த்து உனக்குத் தனிப் போர்ஷன். ஆளுக்கொரு வாசல், ஆளுக்கொரு அடுப்படி, நடுவில் மட்டும் ஒரு கதவு. "தனியா போறதுக்குத்தான தனிப் போர்ஷன், நடுவுல கதவு எதுக்கு?" என்று கேட்டேன். "சண்டன்னா சாத்திக்கலாம், சமாதானம்னா தொறந்துக்கலாம். பொம்பளைங்க பேசறதுக்கு ஊரச் சுத்திகினா வர முடியும்?" என்றாய்.

நீ பட்டணத்து ஆஸ்பத்திரிக்குப் போய்த் திரும்பி வராத பிறகு உன் வீட்டுக்காரர், மாமா, பேச்சைக் குறைத்துக்கொண்டுவிட்டார். வலைக்குப் போனார், வந்தார், நான் போட்டதைச் சாப்பிட்டார். உன்னிடம் மீன் முள்ளுக்கெல்லாம் குறை சொன்ன மனுஷன், என்னிடம் ஒரு குறையும் சொன்னதில்லை. அதுதான் எனக்குப் பயமாக இருந்தது.

உன் மகள் சுகந்தி பிளஸ் டூ முடித்துவிட்டாள் அக்கா. உன் கட்டில் பக்கத்தில் உட்கார்ந்து, ஊசி போட வருகிற பெண்களையே பார்த்துக்கொண்டிருந்தாள் அல்லவா, அந்த ஆசை போகவில்லை. நர்சிங்குக்கு எழுதிப்போட்டாள். பட்டணத்தில் ஹாஸ்டலோடு இடம் கிடைத்தது. எனக்கென்று ஒன்று பிறக்காத வீட்டில், அவள் ஓடி வந்து, "சின்னம்மா, கெட்ச்சிடுச்சு" என்று என் இடுப்பைக் கட்டிக்கொண்டபோது, நீ பார்க்க வேண்டியதை நான் பார்க்கிறேனே என்று கூச்சமாகப் போய்விட்டது.

அந்தச் சமயத்தில்தான் பொன்னேரியிலிருந்து மேஸ்திரி வந்தார். நீ கிழித்த வீட்டையே நான் வாயால் சொன்னேன், அவர் காகிதத்தில் போட்டார். முன்னால் எங்களுக்கு. பின்னால் மாமாவுக்கும் சுகந்திக்கும் ஒரு ரூம், ஒரு சின்ன அடுப்படி, தனி பாத்ரூம். நடுவில் கதவு.

வீட்டுக் கணக்கு எழுதுகிறவள் நான் என்பதால் செலவை எங்கே குறைக்கலாம் என்று இவர் என்னைத்தான் கேட்டார். லாரி பழவேற்காட்டோடு நின்றுவிடும். அங்கிருந்து செங்கல்லைப் படகில் ஏற்றிக் கொண்டுவர வேண்டும். நமக்கு ஒவ்வொரு சுவரும் இரண்டு சுவர் விலை. நான் காகிதத்தைப் பார்த்தேன். மாமாவுக்கும் பெண்ணுக்கும் நான்தானே ஆக்குகிறேன்? பெண்ணும் ஹாஸ்டலுக்குப் போகப் போகிறாள். "பின்னால அடுப்படி வேணாம். எடுத்துடுங்க" என்றேன். மேஸ்திரி பேனாவால் அடித்தார். "பாத்தீங்களா, எம் பொண்டாட்டி இன்ஜினீரு" என்று இவர் சிரித்தார். எனக்கும் பெருமையாகத்தான் இருந்தது.

மேஸ்திரி டீக்கடையில் இதைச் சொல்லியிருக்கிறார். பின் போர்ஷனில் அடுப்படி இல்லை என்பது கரை முழுக்கப் பரவிவிட்டது.

இதைக் கேட்கிற வெளியாட்களுக்காக ஒரு வார்த்தை, உனக்குத் தெரிந்ததுதான். இந்த ஏரியில் யாரும் நினைத்த இடத்தில் வலை கட்டிவிட முடியாது. இறால் ஓடுகிற இடங்களை ஊர் பிரித்துவைத்திருக்கிறது. சீட்டுக் குலுக்கி, முறைவைத்து ஆட்களை இறங்க விடும். அதைப் பாடு என்கிறோம். பெண்டாட்டியோடு குடும்பம் நடத்துகிறவன் ஒரு தலைக்கட்டு, அவனுக்கு ஒரு சீட்டு. அண்ணன் தம்பி ஒரே அடுப்பில் ஆக்கினாலும் ஊர் எட்டிப் பார்க்காது. ஆனால் பெண்டாட்டியை இழந்தவன் தனி உலை வைத்தால்தான் தலைக்கட்டு. தம்பி வீட்டுச் சட்டியில் சாப்பிட்டால் தம்பியோடு சேர்த்துவிடுவார்கள். அவன் சீட்டு போய்விடும். நீ வெறுமனே வீட்டில் இருந்ததே ஏரியில் ஓர் இடமாக இருந்திருக்கிறது என்பது எனக்கு அப்போதுதான் உறைத்தது.

ஊர்ப் பஞ்சாயத்துக்குத் தலைவரான நாட்டார் இரண்டு பேரோடு மனைக்கே வந்துவிட்டார். கோட்டைச் சுற்றி நடந்து பார்த்தார்.

"இன்னாப்பா, பின்னால அடுப்பு வெக்கலியாமே?"

"ரெண்டு பேருக்கு எதுக்கு நாட்டாரே? எங்கூட்லதான துன்றாங்க" என்றார் இவர், வெள்ளந்தியாக.

"அப்ப உங்கண்ணன் சீட்டையும் உன் சீட்டோட சேத்துக்கலாமா?"

இவர் முகத்தில் சிரிப்பு அப்படியே நின்றது. மாமா கோட்டைப் பார்த்தபடி இருந்தார்.

"அண்ணி போயி முழுசா வருசம்கூட திரும்பல. எங்கண்ணாத்த கஷ்டம் உங்களுக்குத் தெரியாதா?"

"தெரியும்பா. நான் போட்ட சட்டமா இது? முகத்துவாரம் தூந்துகினே போவுது, இறால் கொறையுது. கல்யாணம் பண்ணிகினு சீட்டு கேட்டு நிக்கிற பசங்க எத்தினி பேரு. நான் யாரு வாய மூடறது?" நாட்டார் குரலைத் தணித்துக்கொண்டார். "பொண்ணு கீதே. அது ஆக்கட்டும். தனியா ஒரு அடுப்பு, அதுல தனியா ஒரு கை. அவ்ளோதான். இல்லியா, இன்னொரு கண்ணாலம் பண்ணிக்கட்டும்."

"அந்தப் பேச்ச வுடுங்க" என்றார் மாமா. அன்றைக்கு அவர் பேசியது அது ஒன்றுதான்.

அடித்த அடுப்படியை மேஸ்திரி மறுபடி போட்டார். சுகந்தி படிக்கப் போக வேண்டாம் என்று வீட்டில் யாரும் சொல்லவில்லை அக்கா. சொல்லியிருந்தால் நான் சண்டை போட்டிருப்பேன். "சுகந்தி ஆக்கிடும்" என்றார்கள். "ஒரு வருசம் போவட்டும், படிப்பு எங்க ஓடிடும்" என்றார் இவர். எல்லாருமே நல்ல வார்த்தைதான் பேசினார்கள். அப்படிப்பட்ட பேச்சில் எந்த இடத்தில் கையை வைத்துத் தடுப்பது?

நான் சுற்றிச் சுற்றிக் கணக்குப் போட்டேன். ஹாஸ்டலுக்குப் பணம் கட்ட வேண்டுமானால் மாமாவின் பாடு வேண்டும். பாடு வேண்டுமானால் அந்த அடுப்பு எரிய வேண்டும். அடுப்பு எரிய வேண்டுமானால் சுகந்தி இங்கே இருக்க வேண்டும். இங்கே இருந்தால் ஹாஸ்டல் எதற்கு? எந்தப் பக்கமிருந்து ஆரம்பித்தாலும் அதே இடத்தில் வந்து நின்றேன். நானே அங்கே போய் ஆக்குகிறேன் என்று இவரிடம் சொல்லிப் பார்த்தேன். "உன் கை ரெண்டு அடுப்புல இருந்தா அது ஒரே அடுப்புதான்னு சொல்லுவாங்க" என்றார். அதுவும் சரிதான்.

சுகந்தியிடம் பேசலாம் என்று போனேன். இறால் கூடையைக் கழுவிக்கொண்டிருந்தாள்.

"நான் போவல சின்னம்மா. சீட்டு போச்சுன்னா நைனா இன்னா பண்ணும்? கூலிக்கு அடுத்தவன் வலைக்குப் போவுமா?"

"ஆசப்பட்டியேடி."

"பட்டேன். அதுக்கு இன்னா இப்ப? அடுப்பு ஊதறதும் ஆக்சிஜன் வெக்கறதும் ஒண்ணுதான், காத்துதான்" என்று சிரித்தாள். பிறகு ஏற்கெனவே கழுவின கூடையை எடுத்து மறுபடியும் கழுவினாள்.

வெள்ளிக்கிழமை கோயிலில் விளக்கேற்றிவிட்டு நின்றேன். எனக்கு வேண்டிக்கொள்ளத் தெரியாதா? வருஷமெல்லாம் வேண்டியவள்தான். அன்றைக்கு அம்மன் முகத்தைப் பார்த்து என்ன கேட்பது என்று புரியவில்லை. சீட்டைக் கேட்டால் பெண்ணைக் கட்டிப்போடச் சொன்னது போல. பெண்ணைக் கேட்டால் மாமாவை அடுத்தவன் படகில் ஏற்றச் சொன்னது போல. உன்னைத் திருப்பிக் கேட்கலாம் என்றால், அவளாலும் ஆகாது. சும்மா கைகூப்பிவிட்டு வந்தேன். கேட்காமல் திரும்பி வந்தது அதுதான் முதல் முறை.

வரும் வழியில் துறையில் மாமாவின் படகு கட்டியிருந்தது. உள்ளே கரி பிடித்த சட்டியும் அடுப்பும் கிடந்தன. வலை காக்கப் போகிற நாளில் படகிலேயே ஆக்கிச் சாப்பிடுகிறார்கள் அல்லவா. "அண்ணாத்த படகுல வெக்கிற கொழம்ப கரைல எவளாலயும் வெக்க முடியாது" என்று இவர் நம் இரண்டு பேர் எதிரிலேயே சொல்லி, நீ கரண்டியைத் தூக்கிப் போட்டாயே! நான் அந்தச் சட்டியைப் பார்த்துக்கொண்டே நின்றேன். அந்த யோசனையை அம்மன் கொடுத்தாள் என்று சொல்ல எனக்குத் துணிச்சல் இல்லை. இல்லை என்று சொல்லவும் மனசு வரவில்லை.

நாட்டார் அடுத்த முறை வந்தபோது ஆண்கள் பேசுகிற இடத்துக்கு நான் போய் நின்றேன். முந்தானையை இழுத்துப் போர்த்திக்கொண்டேன்.

"ஒரு வார்த்த கேக்கணும்."

"கேளும்மா."

"தனியா ஒரு கை வேணும்னீங்க. அது பொம்பள கையாதான் இருக்கணும்னு கட்டுப்பாடு எதுனா கீதா?"

நாட்டாரோடு வந்தவன் ஒருவன் சிரித்தான். "அப்ப அண்ணாத்த பொடவ கட்டிகினு கொழம்பு வெக்குமா?"

"படகுல வெக்கறப்போ பொடவயா கட்டிகினு வெச்சுது? நீயும்தான தட்ட நீட்டுன!" என்றேன்.

எல்லாரும் சிரித்துவிட்டார்கள், அவனும்கூட. நாட்டார் மட்டும் சிரிக்கவில்லை. தாடையைச் சொறிந்துகொண்டார்.

"ஆம்பள உலை வெச்சு தலைக்கட்டா நின்னதுன்னு நான் கேள்விப்பட்டதில்ல. நிக்கக் கூடாதுன்னும் கேள்விப்பட்டதில்ல" என்றார். "சரி. அடுத்த சீட்டு வரிக்கும் ஊர் பாக்கட்டும். அடுப்பு தெனம் எரியணும். ஆனா வள்ளி, ஒண்ணு. உன் வூட்டுலேர்ந்து ஒரு கிண்ணம் அந்தப் பக்கம் போவக் கூடாது. போச்சுன்னு ஒருத்தன் வந்து சொன்னான்னா ஒரே உலைதான், அப்பறம் எங்கிட்ட வராத. நடுக்கதவும் வேணாம், சுவரு வெச்சிடுங்க."

"வூடே இன்னும் எழும்பலியே" என்றார் இவர்.

"கோடு போட்டுக்கீறீங்கல்ல? கோட்டுக்குள்ள மூட்டு."

எல்லாரும் போன பிறகு மாமா என் பக்கம் திரும்பினார். "கொழம்பு வெப்பேம்மா. படகுல சோறு எப்பவும் பசங்கதான் வடிப்பானுங்க" என்றார், சின்னப் பிள்ளை மாதிரி. அரிசிக்குத் தண்ணீர் எவ்வளவு என்று சொல்லிக் கொடுத்தேன்.

சுகந்தி போய்விட்டாள் அக்கா. அனுப்பம்பட்டு ஸ்டேஷனில் நானும் இவரும்தான் ரயில் ஏற்றிவிட்டோம். மாமா வரவில்லை, அடுப்பு மூட்டுகிற நேரம். உன் பச்சைப் புடவையை மடித்துப் பையில் வைத்திருக்கிறாள். அழவில்லை. வண்டி நகரும்போது மட்டும், "நைனாவ பாத்துக்க சின்னம்மா" என்றாள். தலையாட்டினேன். பார்க்க மட்டும்தான் எனக்கு அனுமதி என்று அவளிடம் எப்படிச் சொல்வது?

இப்போது நிலைமை இதுதான். சுண்ணாம்புக் கோட்டுக்குள், உன் அடுப்படி வரப்போகிற மூலையில், மேலே தார்ப்பாய் கட்டி மூன்று செங்கல் வைத்து மாமா சவுக்கு விறகில் ஆக்குகிறார். சுவர் இல்லை, கதவு இல்லை. போகிறவர்கள் வருகிறவர்கள் எல்லாரும் பார்க்கலாம். ஊர் பார்க்கத்தான் வேண்டும். நான் இந்தப் பக்கம், பழைய வீட்டு வாசலில், என் அடுப்புக்கு முன்னால். நடுவில் காலால் அழித்தால் அழிந்துபோகிற வெள்ளைக் கோடு. இத்தனை காலம் சுவருக்குள் இருந்தபோதுகூட எனக்கு இப்படி மூச்சு முட்டியதில்லை.

குழம்பு வாசனை நன்றாகத்தான் வருகிறது. சோறுதான் வருவதில்லை. உலையை வைத்துவிட்டு ஏரியைப் பார்த்து உட்கார்ந்துவிடுகிறார். அடிபிடித்த வாசனை வந்த பிறகு எழுந்து ஓடுகிறார். கரியைச் சுரண்டித் தள்ளிவிட்டு மிச்சத்தைச் சாப்பிடுகிறார். ஆள் இளைத்துவிட்டார். என் சட்டியில் சோறு இருக்கும். பரிமாற என் கை தானாகத் தட்டை எடுக்கும். திரும்ப வைப்பேன்.

பக்கத்து வீட்டுப் பெண்கள் சும்மா இருப்பார்களா? "மச்சாண்டார் காஞ்சி கெடக்க, இவ வாசன தூக்க மீன் பொரிக்கிறா பாரு" என்று தண்ணீர்க் குழாயில் பேசுகிறார்கள். அந்தப் பேச்சு எனக்குச் சாதகம்தான். ஊர் அப்படிப் பேசுகிற வரைக்கும் சீட்டு மாமாவுடையது. என்னைத் திட்டுகிற வாய்க்கெல்லாம் நன்றி சொல்லிக்கொண்டு குடத்தைத் தூக்கிக்கொண்டு வருகிறேன்.

ஒரு வழி கண்டுபிடித்தேன். வெள்ளிக்கிழமை சர்க்கரைப் பொங்கல் வைத்து அம்மனுக்குப் படைப்பேன். பூசாரி எல்லாருக்கும் கொடுக்கும்போது மாமாவும் வரிசையில் நின்று வாங்கிக்கொள்வார். படைத்த பிறகு அது என் சட்டிச் சோறு இல்லையே, அவளுடையது அல்லவா? இலையை இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டு, என் பக்கம் பார்க்காமல் தூணோரம் போய்ச் சாப்பிடுவார். கொஞ்ச நாள் எனக்கும் சோறு இறங்கியது. அதற்குள் ஒருவன், "அது யார் வூட்டு அரிசி?" என்று கேட்டுவிட்டான். சிரித்துக்கொண்டேதான் கேட்டான். அன்றோடு பொங்கலை நிறுத்திவிட்டேன். விளக்கு மட்டும் ஏற்றுகிறேன். என் வீட்டு வழக்கில் அவளைச் சாட்சிக்கு இழுப்பது எனக்குப் பயமாக இருக்கிறது.

சுகந்தி போன் பண்ணினால் முதல் கேள்வியே, "நைனா இன்னா துன்னுச்சு?" என்பதுதான். குழம்பைப் பற்றி மட்டும் சொல்கிறேன். நன்றாக வைக்கிறார், வாசனை இங்கே வரைக்கும் வருகிறது என்கிறேன். அது பொய் இல்லை. அவள், ஊசி போடக் கற்றுக்கொடுக்க ஆரம்பித்துவிட்டார்கள் என்று வேறு பேச்சுக்குப் போய்விடுகிறாள்.

நீயாக இருந்தால் என்ன செய்திருப்பாய்? கோட்டை மிதித்துக்கொண்டு போய்ச் சட்டியைப் பிடுங்கியிருப்பாய். வாங்கடா பார்க்கலாம் என்று ஊரைக் கூப்பிட்டிருப்பாய். எனக்கு உன் வாய் இல்லை. பொறுத்துக்கொள்ளத்தான் தெரியும். அதை ஒரு பலம் என்று இத்தனை காலம் நினைத்திருந்தேன். இப்போது அது பலமா, நான் மாட்டிக்கொண்ட வலையா என்று தெரியவில்லை.

ஆனாலும் உன் முன்னால் ஒரு சத்தியம் செய்கிறேன், வாங்கிக்கொள். சீட்டுக் குலுக்கி அவர் கையில் கொடுக்கிற நாள் வரை, உன் புருஷனுக்கு என் வீட்டிலிருந்து ஒரு பருக்கை கொடுக்க மாட்டேன். அவர் இளைத்தாலும் கொடுக்க மாட்டேன், ஊர் என்னைக் கல்நெஞ்சுக்காரி என்றாலும் கொடுக்க மாட்டேன். உன் மகள் அந்த அடுப்புக்கு முன்னால் குனிய வேண்டிய நாள் வராது. ஊருக்கு இது போதாமல் போய்விட்டால் என்ன செய்வேன் என்று கேட்காதே.

இதை எழுதும்போதே அந்தப் பக்கமிருந்து அடிபிடிக்கிற வாசனை வந்துவிட்டது அக்கா. அவர் ஏரியைப் பார்த்து உட்கார்ந்திருக்கிறார், தோள் மட்டும் தெரிகிறது. கிண்ணம் போகக் கூடாது என்றுதான் நாட்டார் சொன்னார். எழுந்து போய், கோட்டுக்கு இந்தப் பக்கம் நின்று, "மாமா, சோறு!" என்று ஒரு குரல் கொடுத்துவிட்டு வருகிறேன்.

உன் மகளுக்குச் சின்னம்மாவும்
உனக்கு என்றைக்கும் ஓரகத்தியுமான
வள்ளி